முதலில் மலை, பிறகு பள்ளம்

வைதோதாஸ் அந்தக் குப்பியை
அலுமினியத் தாளில் சுற்றி
மேல்கோட்டின் உள்பையில் வைத்துக் கொண்டுவந்தான்.
வெளியே மைனஸ் பதினேழு.
நேரிஸ் ஆறு ஓரங்களில் உறைந்துவிட்டது.
"நாலு மில்லிகிராம்," என்றான்.
"பதினாலு படிகள், பதினோரு மாதம்.
கீழே போட்டுவிடாதே, ஸ்கைஸ்தே."

போடவில்லை.
டொலுயீனில் கரைத்தேன்.
கோடையில் நாங்கள் குடிக்கும் பீட்ரூட் சூப்பில்
மோர் விழும் முதல் நொடியின் நிறம்.
ஒரு மில்லிமீட்டர் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி
காற்றின்மேல் மிதக்கும் எஃகு மேசையில் நிறுத்தினேன்.
தெருவில் டிராலிபஸ் குலுங்கிப் போனாலும்
இந்த மேசைக்குச் சேதி எட்டாது.

ஒரு துடிப்பின் நீளம் நூறு ஃபெம்டோ நொடி.
அது எவ்வளவு சிறிது என்று
தங்கையின் கல்யாணத்தில்கூடக் கேட்டார்கள்.
இமைப்பொழுது அதன் பக்கத்தில் ஒரு யுகம்
என்று சொல்லிவிட்டு
கேக் இருக்கும் பக்கம் நகர்ந்துவிட்டேன்.
எனக்கே பிடிபடாததை
எதோடு ஒப்பிட?

சாதாரண ஒளிக்கு எல்லாப் பொருளும் கணக்குப்பிள்ளை.
ஒன்று கொடுத்தால் ஒன்று,
இரண்டு கொடுத்தால் இரண்டு.
குவித்து, நெருக்கி,
ஒரே புள்ளியில் கொட்டினால்தான் கணக்கு கோணும்;
போகிற ஒளி
தான் போகும் வழியையே வளைத்துக்கொள்ளும்.
அந்தக் கோணலை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

குவிமையத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்
பெட்டியை இம்மி இம்மியாக நகர்த்தினேன்.
ஊசித்துளைக்குப் பின்னால் ஒரு உணரி
வந்து சேர்ந்த வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தது.
திரையில் முதலில் மலை எழுந்தது,
பிறகு பள்ளம்.
எவ்வளவு பெரிய மலை!
கோட்டைக்கூடக் கழற்றாத வைதோதாஸ்
நின்றபடியே போனை எடுத்து
யேனாவிலிருக்கும் யாருக்கோ செய்தி அனுப்பினான்.
நானும் சிரித்தேன்.
அதை மறைக்க மாட்டேன்.

அவன் போன பிறகு, ஒன்பதரைக்குத்தான் உறுத்தியது.
நொடிக்கு எண்பது மில்லியன் துடிப்புகள்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
பன்னிரண்டு நானோ நொடி.
பதில் சொல்லி, ஆறி, நிமிர்வதற்குள்
அடுத்த கேள்வி,
அடுத்த கேள்வி.
தூங்கவிடாமல் அப்படிக் கேட்டுப் பழகிய ஒரு கட்டடம்
இந்த ஊரில் இன்னும் நிற்கிறது,
இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.
அங்கே பெரிது பெரிதாகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

பக்கத்து அறை லேசரை இரவல் கேட்டேன்.
நொடிக்கு ஆயிரம் துடிப்பு மட்டும்.
இடையில் முழுதாக ஒரு மில்லி நொடி,
மூச்சு விட.

கோடு புரண்டது.
முதலில் பள்ளம், பிறகு மலை.
குறியே மாறிவிட்டது.
அதுவும் சிறிசு, நகக்கீறல் அளவு.
நாங்கள் கொண்டாடிய மலை
டொலுயீன் சூடேறிய கதை,
அவ்வளவுதான்.

பிறகு வெறும் டொலுயீனை வைத்தேன்,
பிறகு வெறும் பெட்டியை.
ஆளுக்கொரு பங்கை அவை எடுத்துக்கொள்ள
மூலக்கூறுக்கென்று மிஞ்சியது
பிழைக்கோட்டுக்கு மேலே
தலையை மட்டும் நீட்டும் ஓர் எண்.

நோட்டில் பழைய எண்ணின்மேல்
ஒற்றைக் கோடு இழுத்தேன்,
அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் தேதி, நேரம், என் கையெழுத்து.

நள்ளிரவில் போன் செய்தேன். எண்ணைச் சொன்னேன்.
அவன் வீட்டுக் கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது கேட்டது.
"பூஜ்யம் இல்லையே?"
"இல்லை."
"நேர்க்குறியா?"
"நேர்க்குறி."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, யேனாவுக்குப் போன செய்தியை
அழிக்கப் பார்த்தானாம்.
இரண்டு நீலக் குறியும்
விழுந்துவிட்டதாம்.